ஸ்ஃபியரில் எங்கே உட்காருவது? தலைசுற்றலும் உயர பயமும் உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

லாஸ் வேகஸில் ஸ்ஃபியர் என்ற உருண்டை அரங்கத்துக்கு டிக்கெட் எடுக்கப் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான். 206 அல்லது 306 எண்ணுள்ள இருக்கைப் பகுதி, அதாவது நடுப்பகுதி, திரை முழுவதும் கண்ணுக்குள் வரும். 100 லெவல் என்ற கீழடுக்கின் பின்வரிசைகளை மட்டும் தொடாதீர்கள், மேல் லெவல் குடைபோல் நீட்டிக்கொண்டு பாதித் திரையை மறைத்துவிடும். பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறவருக்கும், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் பக்கமே போகாதவருக்கும் இந்த யோசனையைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். மற்றவர்கள் ஒதுக்கும் அந்த மறைவான வரிசைகள்தான் பெரும்பாலும் அவர்களுக்கான இடம்.

ஏன் என்று புரிய, கட்டடம் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். 2023 செப்டம்பர் 29 அன்று யூ2 குழுவின் கச்சேரியோடு திறக்கப்பட்ட ஸ்ஃபியர், வெளியே 112 மீட்டர் உயரமும் 157 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் உருண்டை. உள்ளே 1,60,000 சதுர அடிக்கு ஒரே எல்.இ.டி. திரை. நிலக்கணக்கில் மூன்றரை ஏக்கருக்கு மேல். மேடைக்குப் பின்னாலிருந்து எழும்பி, இரண்டு பக்கமும் சூழ்ந்து, தலைக்கு மேலே வளைந்து போகிறது. சுமார் 17,600 இருக்கைகள் 100, 200, 300, 400 என்று நான்கு லெவல்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மேடைக்கு முன்னால் தரைத்தளம், அதாவது ஃப்ளோர். கச்சேரிகளில் பெரும்பாலும் நின்று பார்க்கும் இடம். ஒலிபெருக்கிகள் எல்லாம் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன.

இடத்தைத் தேர்வதற்கு முன், உங்களுக்கு இருப்பது எந்தத் தொல்லை என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். குமட்டலும் உயர பயமும் ஒன்றாக வந்தாலும் இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கு நல்ல இருக்கை மற்றொன்றுக்கு மோசமாக இருக்கலாம்.

குமட்டல் எங்கிருந்து வருகிறது

ஸ்டேஷனில் நிற்கும் ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்புகிறது. நம் ரயில்தான் பின்னால் போகிறதோ என்று ஒரு கணம் உடம்பு நம்பிவிடுகிறது. ஸ்ஃபியரின் வித்தை முழுவதும் இந்தப் பொய் நகர்வில்தான் இருக்கிறது. பார்வையின் ஓரங்கள் வரை ஒரே திசையில் காட்சி ஓடினால், சில வினாடிகளில் மூளை "நான் நகர்கிறேன்" என்று முடிவு கட்டிவிடும். ஆனால் உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "இல்லை, நாற்காலியில்தான் இருக்கிறோம்" என்று மறுக்கிறது. இந்தச் சண்டையில் தோற்பது வயிறு.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நடப்பதற்கு இது நேர் எதிர். அங்கே காது நகர்வை உணர்கிறது. போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் உணர்வதில்லை. இங்கே கண் நகர்வைப் பார்க்கிறது, காது சும்மா இருக்கிறது. அதனால் மலைப்பாதையில் தவிக்கிறவர் எல்லோரும் ஸ்ஃபியரில் தவிப்பார் என்று இல்லை. மலைப்பாதையில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பவர் இங்கே வியர்த்துப் போவதும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இரண்டு இடத்திலும் வாய்ப்பு அதிகம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, பெரிய டிவிக்கு ஒரு மீட்டர் தொலைவில் உட்கார்ந்து, மலைகளுக்கு இடையே பறக்கும் டிரோன் காட்சியோ ரோலர் கோஸ்டர் காட்சியோ பத்து நிமிடம் ஓட விடுங்கள். கொட்டாவி அடுக்கடுக்காக வருகிறதா, வாயில் எச்சில் ஊறுகிறதா, நெற்றி சில்லென்று வியர்க்கிறதா, ஏப்பம் வருகிறதா? வாந்திக்கு வெகு முன்பே வரும் அடையாளங்கள் இவை. பத்து நிமிடத்துக்குள் இரண்டு வந்துவிட்டால், 206, 306 இரண்டையும் மறந்துவிடுங்கள். இன்னும் நெருக்கமான ஒத்திகை வேண்டுமென்றால் கோளரங்கம் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு கிரிஃபித். வானம் சுழலும் இடத்தில் உங்கள் வயிறு என்ன சொல்கிறது என்று அங்கே தெரிந்துவிடும், செலவும் சொற்பம்.

உயர பயம் என்ன செய்கிறது

இதை வெறும் மனப்பயம் என்று ஒதுக்க முடியாது. நாம் நேராக நிற்கும்போதும் உடம்பு மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பொருள்கள் கண்ணில் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்துத்தான் மூளை அந்த ஆட்டத்தைத் திருத்துகிறது. கண்ணுக்கு எதிரே பல மீட்டர் தூரத்துக்கு எதுவுமே இல்லாவிட்டால் அந்த அளவுகோல் போய்விடும். ஆட்டம் கூடும், கால் துவளும். ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய 28 சதவீதம் பேர் உயரத்தில் ஏதோ ஓர் அளவு தடுமாற்றத்தை வாழ்நாளில் உணர்ந்ததாகச் சொன்னார்கள். நிற்பதைவிட உட்காருவதில் இது குறையும். கையால் எதையாவது பிடித்தால் இன்னும் குறையும்.

இதை இருக்கைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 100 லெவலில் முன்வரிசைக்காரரின் தலை உங்கள் மார்பு, தோள் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கண்ணுக்கு ஏதோ கிடைக்கிறது. 400 லெவலின் சரிவில் முன்னால் இருப்பவரின் தலை உங்கள் முழங்கால் பக்கம் போய்விடும். கண்ணுக்கு நேர் எதிரே இருப்பது வெற்றிடமும் அதற்கு அப்பால் திரையும்தான். அந்தத் திரையும் நகர ஆரம்பித்தால்? அளவுகோல் இல்லாத இடத்தில் அளவுகோலே பொய் சொல்கிறது. உயர பயம் மட்டும் உள்ளவர்கள் ஸ்ஃபியரின் மேல் லெவலில் வழக்கமான அரங்கத்தைவிட அதிகமாகத் திணறுவது இதனால்தான்.

ஒவ்வோர் இடமாக

*400 லெவல்.* வழக்கமாக மலிவான டிக்கெட் இங்கேதான். காசு மிச்சம் என்று அப்பா அம்மாவுக்கு இதை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். சரிவு செங்குத்து, படிகள் குறுகல், இருட்டில் திரை வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும்போது இறங்குவது இளம்வயதுக்காரருக்கே சுலபமில்லை. உயர பயம் இருந்தால் இந்த லெவல் வேண்டாம், அவ்வளவுதான். குமட்டல் மட்டும் இருப்பவருக்கு ஒரு சின்ன ஆதாயம் உண்டு. மேடை, கீழே அமர்ந்திருக்கும் கூட்டம், லெவல்களின் விளிம்புகள் என்று நகராத பொருள்கள் பார்வையின் கீழ்ப்பாதியில் நிறைய இருக்கும். கண்ணைத் தாழ்த்தினால் ஓர் ஓய்விடம் கிடைக்கும்.

*300 லெவல்.* படம் பிடிப்பவர்களும் படம் பார்க்க வருபவர்களும் விரும்பும் இடம். நடுப்பகுதியில் காட்சியின் அடிவானம் நேராக நிற்கும், எதுவும் கோணவில்லை. அதே காரணத்தால் பொய் நகர்வும் இங்கே உச்சத்தில் இருக்கும். சரிவு 400க்கு அடுத்தபடி. முதல் வரிசை இன்னும் சங்கடம். முன்னால் ஆளே கிடையாது, தடுப்புக்கு அப்பால் பள்ளம்தான். இரண்டு தொல்லையும் உள்ளவருக்கு ஸ்ஃபியரிலேயே மோசமான இடம் எது என்று கேட்டால் 300இன் முதல் வரிசையைச் சொல்லலாம்.

*200 லெவல்.* சமரசம். சரிவு தாங்கக்கூடியது, மேடை மனிதர்கள் மனிதர்களாகத் தெரிவார்கள். உயர பயம் லேசாக, குமட்டல் அறவே இல்லை என்றால் இதையே எடுங்கள், விலை கூடினாலும். குமட்டல் இருந்தால் 206இல் பயன் இல்லை, திரை இங்கேயும் முழுசாக விழுங்கிவிடும். ஓரப்பகுதிகளுக்குப் போனால் நன்றாக இருக்குமா என்று கேட்பார்கள். இருக்காது. காட்சி நடுப்பகுதிக்காகக் கணக்கிட்டு வரையப்படுவது. ஓரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் வளையும், கட்டடங்கள் சாயும். சாய்ந்த அடிவானம் தலைசுற்றலுக்குத் தூபம் போடும்.

*100 லெவல், முன்வரிசைகள்.* சரிவு குறைவு, மேடை பக்கத்தில். திரையை முழுக்கப் பார்க்கத் தலையை அண்ணாந்து வைத்திருக்க வேண்டும். அண்ணாந்தபடி இருந்தால் சமநிலை உணர்வு குழம்பும். ஆனால் அண்ணாந்து பார்க்காமல் இருப்பது உங்கள் கையில்தானே இருக்கிறது. இசைக்கலைஞர்களைப் பார்க்க வருகிறவருக்கு நல்ல இடம்.

*100 லெவல், பின்வரிசைகள்.* வரிசை எண் கூடக்கூட, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் 200 லெவலின் அடிப்பாகம் திரையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டிக்கொண்டே வரும். கடைசி வரிசைகளில் முன்பக்கத் திரையின் ஒரு பட்டை மட்டும்தான் எஞ்சும். திரைக்காகவே காசு கொடுத்தவர்கள் கோபப்படுவது நியாயம். குமட்டல்காரருக்கோ அந்தக் கான்கிரீட் விளிம்பு ஒரு வரம். காட்சி எவ்வளவு பறந்தாலும் கண்ணின் மேல்பாதியில் அசையாத கோடு ஒன்று எப்போதும் நிற்கிறது. காரின் டாஷ்போர்டு டிரைவருக்குச் செய்வதை இந்த விளிம்பு உங்களுக்குச் செய்கிறது. ஓரப்பார்வை மறைந்துவிடுவதால் பொய் நகர்வு குறைகிறது. பள்ளமும் கிடையாது. வெளிக்கூடத்துக்கு நாலு எட்டில் போய்விடலாம்.

இதிலும் ஓர் அளவு வேண்டும். கடைசி வரிசைக்குப் போய்விட்டால் பிறகு ஸ்ஃபியருக்கு வந்ததற்கே அர்த்தமில்லை. விளிம்பு திரையின் மேல் மூன்றில் ஒரு பங்கை மறைக்கும் வரிசையைத் தேடுங்கள். ரசிகர்கள் தங்கள் இருக்கையிலிருந்து எடுத்துப் பதிவிடும் புகைப்படங்கள் இதற்கு உதவும். லெவல், பகுதி, வரிசை மூன்றும் பொருந்தும் படத்தைப் பாருங்கள். மறைவான இருக்கைகளை விற்கும்போது "பார்வை மறைக்கப்பட்டது" என்ற குறிப்பு டிக்கெட்டில் இருக்க வேண்டும். மறுவிற்பனைத் தளங்களில் அந்தக் குறிப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு முழுப் பார்வை இருக்கையின் விலையைக் கேட்பார்கள். மறைவைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்பதற்காக முழுவிலை கொடுக்க வேண்டியதில்லை.

*ஃப்ளோர்.* உயர பயத்துக்கு முழு நிவாரணம், தரையில் நிற்கிறீர்கள். குமட்டலுக்கு இது இரண்டுங்கெட்டான். நிற்பதால் உடல் ஆட்டம் கூடும், திரை தலைக்கு மேல் பொங்கி எழும். அதே சமயம் வேறெந்த இடத்திலும் இல்லாத ஒரு தப்பிப்பு இங்கே உண்டு. திரும்பி நின்றால் எதிரே இருப்பது திரை இல்லை, நாலு லெவல் நிறைய ஜனங்கள். அசையாத பெரிய சுவர் போல அது உதவும். இரண்டு மணி நேரம் நிற்க முடிந்தவருக்கும், கூட்டத்துக்கு நடுவே போய்ச் சிக்காமல் பின்பக்கம் நிற்கத் தெரிந்தவருக்கும் இது நல்ல தேர்வு.

லெவல் முடிவானதும் இன்னொரு சின்ன முடிவு பாக்கி. நடைபாதை ஓர இருக்கையா, உள்ளேயா? குமட்டல்காரர் ஓரத்தை எடுக்க வேண்டும், சீக்கிரம் எழுந்து போகலாம். உயர பயக்காரருக்கு ஓர இருக்கை எதிரி. படிகள் சரிந்து இறங்கும் பள்ளம் பக்கத்திலேயே திறந்து கிடக்கும். துணைக்கு வந்தவரை ஓரத்தில் உட்காரவைத்து, இரண்டாவது இருக்கையில் உட்காருங்கள். வரிசையைத் தேர்ந்தெடுக்கும்போது, லெவலுக்குள் நுழையும் வாசலுக்குப் பக்கத்து வரிசை எது என்று பாருங்கள். மேல் லெவலில் உட்கார்ந்திருப்பதைவிட, வாசலிலிருந்து இருபது படி இறங்குவதுதான் பலருக்குப் பெரிய கண்டம்.

கச்சேரியா, படமா?

ஸ்ஃபியரில் பகலில் படமும் இரவில் கச்சேரியும் நடக்கின்றன. படம் சின்னதாக, விலை குறைவாக இருப்பதால் "முதலில் படத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம்" என்று தோன்றும். குமட்டல்காரருக்கு இது தவறான வரிசை. படத்தில் மேடை இல்லை, ஆளில்லை. கண் ஊன்ற ஓர் இடம் கிடையாது. கேமரா பறக்கும் காட்சிகள்தான் விற்பனைச் சரக்கே. இருக்கைகளில் சுமார் 10,000 அதிர்வு கொடுக்கக்கூடியவை; கூடவே காற்றும் வீசும். 2025 ஆகஸ்ட் முதல் ஓடும் தி விசார்ட் ஆஃப் ஓஸ் படத்தின் சூறாவளிக் காட்சியில் காற்றும் அதிர்வும் சுழலும் திரையும் ஒரே நேரத்தில் சேர்ந்து அடிக்கும். எதிர்பார்த்து உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம், தெரியாமல் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

கச்சேரியில் நடுவே உயிருள்ள மனிதர்கள் நின்று வாசிக்கிறார்கள். அவர்கள் நகர்வதில்லை என்பது கண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அங்கே போனால்தான் தெரியும். எல்லாப் பாட்டுக்கும் திரை பறப்பதும் இல்லை. சில பாட்டுகளுக்கு வெறும் நிறம், சிலவற்றுக்குக் கலைஞர்களின் முகங்கள் பெரிதாக. கஷ்டமான இடங்கள் குறிப்பிட்ட சில பாட்டுகளில் மட்டும் வரும். டெட் அண்ட் கம்பெனி என்ற ராக் இசைக்குழு 2024, 2025இல் நடத்திய நிகழ்ச்சிகளில் சான்பிரான்சிஸ்கோவின் ஆஷ்பரி தெரு வீட்டிலிருந்து காட்சி மேலே எழும்பி, ஊரைத் தாண்டி விண்வெளிக்கே போனது. பார்த்தவர் நாற்காலியோடு தூக்கப்படுவது போல உணர்ந்தார். யூ2 நிகழ்ச்சியில் கூரை மெல்லத் தலைமேல் இறங்கி வருவது போன்ற ஒரு கட்டம் இருந்தது. இது குமட்டலைவிட மூச்சுத்திணறும் வகை. இப்படிப்பட்ட கட்டங்கள் எந்தப் பாட்டில் வருகின்றன என்பதை முதல் வார நிகழ்ச்சிக்குப் போனவர்கள் வீடியோவாகப் போட்டுவிடுவார்கள். போனில் பார்த்தால் ஒன்றும் செய்யாது. பாட்டு வரிசையில் இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு போனால், அந்தப் பாட்டுகளுக்குக் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆச்சரியம் கெட்டுவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு 206 இருக்கிறது.

ஸ்ஃபியர் வேண்டாம், ஆனால் அந்த மாதிரி ஏதாவது வேண்டும் என்றால்? லண்டனில் 2022 மே 27 முதல் நடக்கும் ஆபா வாயேஜ் ஒரு நல்ல மாற்று. 3,000 பேர் கொள்ளும் தனி அரங்கம். ஆபா இசைக்குழுவினரின் டிஜிட்டல் உருவங்கள் தோன்றும் திரை முன்னால் மட்டும். மேடையில் உயிருள்ள இசைக்குழு. ஆட்களின் உருவங்கள்தான் ஆடுகின்றன, உலகம் ஆடுவதில்லை. குமட்டல்காரருக்கு அந்த ஒரு வித்தியாசம் போதும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலும் டாலஸ் பக்கத்திலும் உள்ள காஸ்ம் அரங்கங்கள் 87 அடி விட்டமுள்ள கவிகைத்திரை கொண்டவை. அங்கே விளையாட்டு ஒளிபரப்பு பெரும்பாலும் ஓரிடத்தில் நிறுத்திய கேமராக்களிலிருந்து வருவதால், திரை பெரிதாக இருந்தும் பொய் நகர்வு குறைவு. பறக்கும் படக்காட்சிகளுக்கு இது பொருந்தாது.

மாத்திரை

எல்லா மாத்திரையும் வருமுன் காப்பதற்குத்தான். குமட்டல் தொடங்கியபின் வயிறு தன் வேலையை மெதுவாக்கிவிடும், விழுங்கியது அங்கேயே கிடக்கும்.

அமெரிக்காவில் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. மெக்லிசின், பெரியவர்களுக்கு 25 முதல் 50 மி.கி., ஒரு மணி நேரம் முன்பு. டைமென்ஹைட்ரினேட், 50 முதல் 100 மி.கி., அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இது தூக்கத்தைக் கூடுதலாகத் தள்ளும். இரவு எட்டு மணிக் கச்சேரிக்கு மெக்லிசின் பொருத்தம். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை மருத்துவர் சீட்டோடுதான். நான்கு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், மூன்று நாள் தாங்கும். ஒரு கச்சேரிக்கு அது கொஞ்சம் அதிகம். ஒட்டியபின் கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். அந்தக் கண்ணோடு ஸ்ஃபியருக்குப் போவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஊரிலிருந்து வரும் பெற்றோர் பையில் அவோமின் இருக்கும். ப்ரோமெத்தசின் வகை, 25 மி.கி., பயணக் குமட்டலுக்கு வேலை செய்யும், நன்றாகத் தூங்கவும் வைக்கும். சின்னரிசின் இந்தியாவில் கிடைக்கும், அமெரிக்கக் கடைகளில் கிடைக்காது. வெர்டின் என்று எல்லா வீட்டிலும் இருக்கும் பீட்டாஹிஸ்டின் காதுநோய்த் தலைசுற்றலுக்கானது, இதற்கு நம்ப வேண்டாம். செட்ரிசின் போன்ற தூக்கம் வராத அலர்ஜி மாத்திரைகளும் உதவாது. மூளைக்குள் அதிகம் போகாததால்தான் அவை தூக்கம் தருவதில்லை, அதே காரணத்தால் குமட்டலையும் தடுப்பதில்லை. கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களும், ஏற்கெனவே தூக்க மாத்திரையோ மனச்சோர்வு மருந்தோ சாப்பிடுபவர்களும் இவற்றில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. எந்த மாத்திரையானாலும் வேறொரு நாளில் வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முன்னூறு டாலர் இருக்கையில் குறட்டை விடுவதைவிட வாந்தி தேவலை என்று துணைக்கு வந்தவர் சொல்லக்கூடும்.

இஞ்சி சிலருக்கு உதவுகிறது. ஒத்துக்கொள்ளும் என்றால் இஞ்சிமிட்டாய் பையில் இருக்கட்டும். மணிக்கட்டில் அழுத்தும் பட்டைக்கு ஆதாரம் பலவீனம், ஆனால் கெடுதலும் இல்லை.

குடி பற்றிச் சொல்லியாக வேண்டும், ஊர் அப்படி. மது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் ஜெல் பகுதியை, அதைச் சூழ்ந்திருக்கும் திரவத்தைவிட லேசாக்கிவிடும். அதனால்தான் குடித்துவிட்டுப் படுத்தால் அறை சுற்றுகிறது. இந்த நிலை பல மணி நேரம் நீடிக்கும். பகலில் நீச்சல்குளத்துப் பக்கம் குடித்துவிட்டு இரவில் ஸ்ஃபியருக்குப் போவது, சண்டை போடும் இருவரில் ஒருவருக்குக் கத்தியைக் கொடுப்பது மாதிரி. மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து வேறு. வெறும் வயிறும் ஆகாது. இரண்டு மணி நேரம் முன்பு எண்ணெய் குறைந்த சாப்பாடு, பாலைவனக் காற்றுக்குத் தக்கபடி தண்ணீர்.

உள்ளே போனபின்

கதவு திறந்ததும் சீக்கிரம் போங்கள். விளக்குகள் எரியும்போது, திரை நிதானமாக இருக்கும்போது இருக்கையைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிட்டால் உயர பயத்தில் பாதி குறைந்துவிடும். உள்கூடத்தின் நீண்ட எஸ்கலேட்டர்கள் சிலருக்கு அரங்கத்தைவிட மோசம். லிஃப்ட் எங்கே என்று ஊழியர்களைக் கேளுங்கள். இருக்கை ஒத்துவராது என்று அப்போதே தெரிந்துவிட்டால் விருந்தினர் உதவி மேசைக்கு உடனே போங்கள். கச்சேரி தொடங்கும் முன் இடம் மாற்றித் தர வாய்ப்பிருக்கிறது, கட்டாயம் கிடையாது. பாதிக் கச்சேரியில் போய்க் கேட்டால் பதில் புன்னகைதான்.

ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் தொப்பியின் முன்விளிம்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் திரையின் மேல்பாதி மறையும். 306இல் உட்கார்ந்தே 100 லெவலின் கூரையை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் அளவுக்குப் பெரிய தொப்பி வேண்டாம்.

முதல் கொட்டாவியிலேயே நடவடிக்கை எடுங்கள். பாடகரின் கால்களைப் பாருங்கள், முகம் திரையில் பெரிதாக ஓடும்போதுகூடக் கால் மேடையில்தான் இருக்கும். போதவில்லையென்றால் கண்ணை மூடுங்கள். பொய் நகர்வு அந்தக் கணமே நின்றுவிடும். பாட்டை அப்படிக் கேட்பதும் நன்றாகத்தான் இருக்கும். அதிர்வு இருக்கையில் முதுகை முழுசாகச் சாய்க்காமல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் அந்தத் தொல்லையும் குறையும். இதற்கும் மேல் போனால் வெளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள், "இந்தப் பாட்டு முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். குமட்டல் கட்டிக்கொண்டபின் அடங்கப் பத்து இருபது நிமிடமாவது ஆகும். ஆரம்பத்திலேயே எழுந்தவர் இரண்டு பாட்டில் திரும்பி வந்துவிடலாம். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். மடித்த ஜிப் பை ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

உயர பயத்துக்கு வழி வேறு. எழுந்து நின்று ஆடும் பாட்டுகளில் நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். கையால் இருக்கைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பார்வையை முன்னால் இருக்கும் இருக்கையின் முதுகில் சில வினாடி நிறுத்தி, பிறகு திரைக்குக் கொண்டுபோங்கள். கீழே குனிந்து மேடையைப் பார்ப்பதைவிட எதிரே நேராகத் திரையைப் பார்ப்பது இவர்களுக்கு எளிது. இங்கேதான் இரண்டு தொல்லையும் மோதுகின்றன. குமட்டல் கண்ணைத் தாழ்த்தச் சொல்கிறது, உயர பயம் தாழ்த்தாதே என்கிறது. இரண்டும் உள்ளவர் மேல் லெவலுக்குப் போய்விட்டால் கண்ணை வைக்க இடமே இல்லாமல் போவது இதனால்தான். அவருக்கு 100 லெவல் பின்வரிசை, இல்லையென்றால் ஃப்ளோரின் பின்பக்கம்.

தலைசுற்றல் நோயாகவே இருப்பவர்கள், மெனியர் என்ற உட்காது நோய், காது சார்ந்த ஒற்றைத் தலைவலி, கடைத்தெருவில் நடந்தாலே தள்ளாடும் நாள்பட்ட வகை, இந்த இருக்கைக் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஓர் இரவு கிளறிவிட்டது சில வாரங்கள் நீடிக்கலாம். வெளிச்சம் படபடவென்று வெட்டும் காட்சிகளும் உண்டு என்பதால் வலிப்பு நோயுள்ளவர்களுக்கும் அப்படியே.

முடிந்ததும் கூட்டத்தோடு படியிறங்க ஓட வேண்டாம். விளக்குகள் முழுசாக எரிந்து, வரிசை காலியானபின் எழுந்திருங்கள். மணிக்கணக்கில் ஆடிய கண்ணுக்குத் தரை சில நிமிடங்கள் மிதப்பது போலிருக்கும், மேல் லெவல் படிகளில் அது விழவைக்கும். வெனிஷியன் ஹோட்டல் பக்கம் போகும் நடைபாலத்தில் மெதுவாக நடந்து போனாலே தலை தெளியும். மாத்திரை போட்டவர் கையில் அன்றிரவு கார் சாவி இருக்கக் கூடாது.